தமிழ் கேள்விக்குறி ஆவது யார் தவறு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளே செய்யும் வேலை ஒன்று உண்டு. தங்கள் பெயரைத் தமிழில் டைப் செய்து பார்ப்பார்கள். திரையில் தமிழ் எழுத்து தோன்றியதும் ஒரு சந்தோஷம். சில நாட்கள் கழித்து அதே பைலைத் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அல்லது வெறும் கட்டங்கள். அல்லது தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள். உடனே பக்கத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லி விடுவார். "கம்ப்யூட்டருக்கும் தமிழுக்கும் ஒத்து வராதுங்க. பேசாம இங்கிலீஷ்லயே அடிச்சிடுங்க."

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. குறை தமிழில் இல்லை. கம்ப்யூட்டரிலும் இல்லை. பெரும்பாலும் என்னைப் போலப் புரோகிராம் எழுதுகிறவர்களிடம்தான் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்தித் தெரிந்து கொண்டேன்.

தண்ணீர் கேன் கணக்கு

நான் அயனம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. எங்கள் பக்கம் பல வீடுகளில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். எங்கள் தெருவுக்குக் கேன் போடும் அண்ணன் 2023இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதுவரை கணக்கு எல்லாம் நீள நோட்டில். "தம்பி, யார் எத்தனை கேன் வாங்கினாங்க, எவ்வளவு பாக்கின்னு பார்க்க ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் கொடுப்பா" என்று கேட்டார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து சி ஷார்ப் மொழியில் எழுதிக் கொடுத்தேன்.

அவரும் அவர் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 212 வீடுகளின் பெயரையும் தெருவையும் தமிழில் டைப் செய்தார்கள். அன்று முதல் நோட்டில் எழுதுவதை அண்ணன் நிறுத்தி விட்டார். கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. ராத்திரி அப்படியே ஸ்லீப்பில் போட்டு விட்டுக் காலையில் தட்டி எழுப்புவார். என் புரோகிராம் ஒரு முறை கூட மூடப்படவில்லை. ஒன்பது நாட்கள் எல்லாம் நன்றாக ஓடியது.

டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. சென்னையின் பல பகுதிகளைப் போல எங்கள் தெருவிலும் கரண்ட் போனது. மறுபடி கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அண்ணன் எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் பட்டியல் முழுவதும் இப்படி இருந்தது: "?????, 6 கேன், பாக்கி 210."

எண்கள் ஒன்று கூடக் கெடவில்லை. 212 பெயர்களும் போய் விட்டன. தெருப் பெயர்களும் போய் விட்டன. கதவு எண் 12 என்று இருக்கிறது. எந்தத் தெருவில் இல்லை 12ஆம் எண் வீடு? பழைய பாக்கி நோட்டில் இருந்தது. ஆனால் இந்த ஒன்பது நாள் கணக்கு வேறு எங்கும் இல்லை. அண்ணன் சைக்கிளை எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போய் "எத்தனை கேன் வாங்கினீங்க?" என்று கேட்க வேண்டி வந்தது. அதுவும் ஊரே தண்ணீருக்கு அலைந்த வாரத்தில். பெரும்பாலானவர்கள் சரியாகவே சொன்னார்கள். சில வீட்டுக் கணக்கு கடைசி வரை நேராகவில்லை.

என் தவறு எது?

புரோகிராம் அந்தப் பட்டியலை எக்ஸ்எம்எல் என்ற வகை பைலாகச் சேமித்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டு வைத்து எழுதுவதுதான் எக்ஸ்எம்எல். இப்படி இருக்கும்:

<பெயர்>வள்ளி</பெயர்>
<கேன்>6</கேன்>
<பாக்கி>210</பாக்கி>

பெயர்ச்சீட்டைக் கூடத் தமிழில் வைக்க எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது. 1998 பிப்ரவரியில் இந்த முறை வெளியான போதே உலக மொழிகள் எல்லாவற்றையும் மனத்தில் வைத்துத்தான் விதிகளை எழுதினார்கள்.

இது எங்கோ இருக்கும் சமாச்சாரம் அல்ல. நீங்கள் வேர்டில் சேமிக்கும் டாக்எக்ஸ் பைல், எக்ஸெலில் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைல் இரண்டுக்குள்ளும் எக்ஸ்எம்எல்தான் இருக்கிறது. ஒரு டாக்எக்ஸ் பைலைக் காப்பி எடுத்து, காப்பியின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே உங்கள் கடிதம் எக்ஸ்எம்எல்லாக இருக்கும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் என்ற உலகப் பட்டியலில் 'அ' எழுத்தின் எண் 2949. பைலில் எழுதும் இடம் பைட் எனப்படும் சிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஓர் அறையில் 0 முதல் 255 வரையிலான எண்தான் அடங்கும். 2949 அதில் அடங்காது. எனவே யுடிஎப்-8 என்ற முறை அதை 224, 174, 133 என்று மூன்று அறைகளில் பிரித்து எழுதுகிறது. படிக்கும் போது மூன்றையும் சேர்த்து மறுபடி 'அ' ஆக்குகிறது. யுடிஎப்-16 என்ற இன்னொரு முறை இரண்டு அறைகளில் வேறு விதமாக எழுதும். விண்டோஸில் ஆன்சி என்று சொல்லப்படும் பழைய முறையில் ஓர் எழுத்துக்கு ஓர் அறைதான். நம் ஊர் கம்ப்யூட்டர்களில் அந்த ஆன்சி பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. தமிழுக்கு அதில் இடமே கிடையாது.

ஒரே பைலை எந்த முறையில் எழுதினோம் என்று தெரியாமல் படிக்க முடியாது. அதனால் எக்ஸ்எம்எல் பைலின் முதல் வரியிலேயே "இது யுடிஎப்-8" என்பது போல ஒரு லேபிள் ஒட்டும் வசதி இருக்கிறது. சமையலறை அலமாரியை நினைத்துக் கொள்ளுங்கள். டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி உள்ளே உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? காபி கெடும். அது சர்க்கரையின் குற்றமா, உப்பின் குற்றமா?

நான் செய்தது அதுதான். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங்ரைட்டர் என்ற வசதி உண்டு. முதலில் அதைக் கொண்டு முழு எக்ஸ்எம்எல்லையும் மெமரியில் ஒரு நீள வாக்கியமாகத் தயாரித்தேன். மெமரியில் வாக்கியங்கள் யுடிஎப்-16 முறையில் இருப்பதால் அது தானாகவே "இது யுடிஎப்-16" என்று லேபிள் ஒட்டி விடும். பிறகு நான் அந்த வாக்கியத்தைத் தனியாக பைலில் எழுதினேன். எழுதும் போது கம்ப்யூட்டரின் இயல்பான முறை போதும் என்று விட்டு விட்டேன். அந்த இயல்பு ஆன்சி. லேபிள் ஒன்று, சரக்கு வேறு.

சோதித்துப் பார்த்த போது படிக்கும் பகுதி நின்று விட்டது. யுடிஎப்-16 என்று எழுதியிருக்கிறது, ஆனால் உள்ளே அப்படி இல்லை என்று பிழைச் செய்தி காட்டியது. அந்தச் செய்தி சொன்னது முழு உண்மை. நான் என்ன செய்தேன் தெரியுமா? லேபிளில் இருந்த 16ஐ அழித்து விட்டு 8 என்று எழுதினேன். பிழைச் செய்தி நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சோதனைக்கு நான் கொடுத்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கில எழுத்துகளுக்கு ஆன்சியிலும் யுடிஎப்-8இலும் ஒரே எண்கள்தான். அதனால் தவறு வெளியே தெரியவில்லை. தமிழ்ப் பெயர்கள் வந்த போது ஆன்சியில் இடம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டது. கேள்விக்குறியின் எண் 63. அது செல்லுபடியாகும் எழுத்துதான். ஆகவே படிக்கும் போதும் எந்தப் புகாரும் இல்லை. புரோகிராம் திறந்தே இருந்த வரை மெமரியில் இருந்த நல்ல பெயர்கள் திரையில் தெரிந்தன. மூடித் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது.

சரி செய்தது எப்படி?

நிரல் எழுதக் கற்றுக் கொண்டிருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. லேபிள் ஒட்டுவதும் சரக்கைக் கொட்டுவதும் ஒரே கையாக இருக்க வேண்டும். நடுவில் வாக்கியமாக மாற்றாமல், எக்ஸ்எம்எல்ரைட்டரிடமே பைலைக் கொடுத்து "யுடிஎப்-8இல் எழுது" என்று ஒரு முறை சொல்லி விடுங்கள். லேபிளும் அதுவே ஒட்டும், எழுத்தும் அதே முறையில் போகும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆன்சியில்தான் எழுத வேண்டும் என்று அதனிடம் சொன்னால் கூட, விவரங்களில் உள்ள தமிழ் எழுத்துகளை அது கேள்விக்குறி ஆக்காது. 'அ' என்பதை அதன் யூனிகோட் எண்ணாக எழுதிக் காப்பாற்றி விடும். நான் குறுக்கே புகுந்ததால்தான் அந்தப் பாதுகாப்பும் போனது.

2. படிக்கும் போதும் அப்படியே. பைலை நீங்களே வாக்கியமாக்கிக் கொடுக்காமல், எக்ஸ்எம்எல் படிக்கும் பகுதியிடம் பைலையே கொடுங்கள். லேபிளைப் பார்த்து அதுவே முடிவு செய்யும்.

3. முதல் வரி, முதல் எழுத்திலேயே பிழை என்று வந்தால், கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி ஒன்று பைலின் தொடக்கத்தில் இருக்கலாம். 239, 187, 191 என்ற மூன்று பைட்கள் அவை. பைலை வாக்கியமாக மாற்றிக் கொடுக்கும் போதுதான் இது பெரும்பாலும் தொல்லை தரும். அந்தக் குறி இல்லாமல் எழுதச் சொல்லலாம்.

4. கம்ப்யூட்டரின் இயல்பை நம்பாதீர்கள். ஜாவா மொழியில் கூட யுடிஎப்-8 எல்லாக் கம்ப்யூட்டரிலும் இயல்பான முறை ஆனது 2022இல் வந்த 18ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்தைய பதிப்புகளில் ஓடும் புரோகிராம்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

இங்கிலீஷில் அடித்தால் போதாதா?

பெயர்கள் போன அன்று அண்ணனின் மகள், "அண்ணா, இங்கிலீஷ்லயே போட்டுடலாமா?" என்று கேட்டாள். என் தவறை ஒப்புக் கொள்ளக் கூச்சப்பட்டு, "அதுதான் பாதுகாப்பு" என்று தலையாட்டினேன். இது என் இரண்டாவது தவறு.

ஒரே தெருவில் வள்ளி என்று ஒரு அம்மா, வல்லி என்று ஒரு அம்மா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். அடுத்த வாரமே ஒருவர் பாக்கி இன்னொருவர் கணக்கில் ஏறியது. அண்ணன் கோபப்படவில்லை. "ஏம்பா, நோட்டுல இந்தக் குழப்பம் வந்ததே இல்லையே" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரியே புரோகிராமைத் திருத்தினேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் நோட்டைப் படிக்கப் படிக்க 212 பெயர்களையும் நானே தமிழில் அடித்துக் கொடுத்தேன்.

தமிழில் ல, ள, ழ மூன்றும் வேறு வேறு. ந, ன, ண மூன்றும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை அழித்து விட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்வது சரியல்ல. தண்ணீர் கேன் கணக்கில் 210 ரூபாய்க்குத்தான் குழப்பம். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் நிலப் பத்திரத்திலும் அப்படி என்றால்?

லேபிள் ஒட்டியவர்கள் பிழைத்தார்கள்

எழுத்து முறைக் குழப்பம் தமிழுக்குப் புதிதல்ல. 1990களில் ஒவ்வொரு தமிழ் பாண்ட்டும் ஒவ்வொரு முறை. பாமினி பாண்ட்டில் அடித்தது வானவில் பாண்ட்டில் புரியாத எழுத்தாகும். அந்த பைல்களின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். பாண்ட் எனப்படும் எழுத்துருதான் அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டது. எந்த முகமூடி என்று பைலில் எங்கும் எழுதி இருக்காது.

இதை ஒழுங்கு செய்யப் பலர் உழைத்தார்கள். இணையத்தில் கூடிய தமிழர்கள் திஸ்கி என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற முறைகளும் தமிழ் 99 கீபோர்டும் வந்தன. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், விண்டோஸில் அது வந்தது விண்டோஸ் 2000இல்தான். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பாடமாக இருப்பது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் டைப் செய்து இலவசமாகத் தரும் திட்டம் இது. அதன் பழைய பைல்களைத் திறந்தால் தொடக்கத்திலேயே, இது தமிழில் திஸ்கி முறையில் இருக்கிறது, படிக்க இன்ன வகை எழுத்துரு வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் கெடாத எழுத்தில் லேபிள்! பிறகு யூனிகோட் வந்த போது அந்த நூல்களை அவர்களால் மாற்ற முடிந்தது. எந்த முறையில் இருந்து மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்? அதே காலத்தில் டிடிபி கடைகளில் அடித்த எத்தனையோ மலர்களும் குடும்ப வரலாறுகளும் எந்த பாண்ட் என்று தெரியாமல் பழைய சிடிக்களில் கிடக்கின்றன.

இன்று எக்ஸ்எம்எல்லைப் போலவே ஜேசன் என்ற வகையும் பரவலாக இருக்கிறது. அதன் 2017ஆம் ஆண்டு விதி, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஜேசன் பரிமாறும் போது யுடிஎப்-8 மட்டுமே வேண்டும் என்கிறது. லேபிளே தேவை இல்லாதபடி எல்லா டப்பாவிலும் ஒரே சரக்கு. நல்ல முடிவு. ஆனால் பழைய டப்பாக்கள் நம் அலமாரியில் இருக்கும் வரை லேபிள் பார்க்கும் பழக்கமும் தேவை.

நீங்கள் செய்ய வேண்டியது

தமிழ் கெட்டுப் போய்த் தெரிந்தால் பதற வேண்டாம். முதலில் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தமிழ் எழுத்துரு போட்டால் சரியாகும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎப்-8 பைலை ஆன்சி என்று நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். பழைய முறையில் அந்த இரண்டும் 224, 174 என்ற எண்களின் முகங்கள். மேலே 'அ'வுக்குப் பார்த்தோமே, அதே எண்கள். உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. எதையும் சேவ் செய்யாமல் மூடி, யுடிஎப்-8 என்று தேர்வு செய்து மறுபடி திறங்கள்.

கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தாலும் சேவ் செய்யாதீர்கள். முறை தவறித் திறந்திருக்கலாம்.

வெறும் கேள்விக்குறிகள்தான் என்றால், பைலிலேயே அப்படி எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எல்லா எழுத்தும் 63 ஆன பிறகு எது வள்ளி, எது முருகன் என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. பழைய பேக்கப் இருந்தால்தான் உண்டு.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அர்த்தமில்லாமல் கலந்து இருந்தால் அது பழைய பாண்ட்டில் அடித்தது. அந்த பாண்ட்டின் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும் போதே கேட்டு பைலின் மேல் எழுதி வையுங்கள்.

நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுக்கும் போது என்கோடிங் என்ற கட்டம் தோன்றும். அதில் யுடிஎப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். 2019க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில் ஆன்சிதான் முதலில் நிற்கும். சில எழுத்துகள் இழக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தால் ஓகே கொடுத்து விடாதீர்கள். நான் ஒரு எச்சரிக்கையின் வாயை அடைத்துத்தான் மாட்டிக் கொண்டேன்.

கடைசியாக ஒன்று. கடைக்கோ, சங்கத்துக்கோ, பள்ளிக்கோ யாராவது புரோகிராம் செய்து கொடுத்தால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 'வள்ளி', 'ஸ்ரீதேவி', 'கௌசல்யா' என்று மூன்று பெயர்களைத் தமிழில் அடித்துச் சேமியுங்கள். புரோகிராமை மூடுங்கள். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டு மறுபடி திறந்து பாருங்கள். மூன்றும் அப்படியே வந்தால் வாங்குங்கள். வராவிட்டால், "தமிழ் வராதுங்க" என்று எழுதியவர் சொல்வார். அதை ஏற்றுக் கொள்ளாதீர்கள். "எழுதத் தெரியலைன்னு சொல்லுங்க, தம்பி" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அந்த ஐந்து நிமிடச் சோதனையை என்னிடம் யாராவது செய்திருந்தால் அண்ணன் புயல் வாரத்தில் சைக்கிளில் வீடு வீடாக அலைந்திருக்க மாட்டார்.